3 சிட்டிங்கில் கட்டியைக் கொல்வது எது: டி.என்.ஏ. முறிவா, ரத்தக்குழாய்ச் சிதைவா?

மகிழினி:
அப்பாவுக்கு நுரையீரலில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய். இதயம் பலவீனமாக இருப்பதால் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எஸ்.பி.ஆர்.டி. முறையில் (அதிகக் கதிரைச் சில சிட்டிங்கில் கட்டியின் மேல் துல்லியமாகப் பாய்ச்சும் சிகிச்சை) 3 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 18 கிரே (கிரே என்பது கதிர் டோஸின் அலகு). பக்கத்து வீட்டு அக்காவுக்கு தினம் 2 கிரே வீதம் 30 நாள் கரண்ட் வைத்தார்கள். "அதிக டோஸ் கட்டியின் ரத்தக்குழாயையே அழித்துவிடும், அதனால்தான் 3 போதும்" என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

இளந்திரையன்:
பெருமளவு உண்மை. 2003-ல் சயின்ஸ் இதழில் கார்சியா-பாரோஸ், ஃபுக்ஸ், கோல்ஸ்நிக் குழுவின் ஆய்வு வந்தது. செல்லைச் சாகத் தூண்டும் செராமைடு என்ற கொழுப்புப் பொருள் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதி இல்லாத எலிகளிலும் சாதாரண எலிகளிலும் ஒரே வகைக் கட்டிச் செல்களை வளர்த்தார்கள். கட்டிச் செல் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கட்டிக்குள் வளரும் ரத்தக்குழாய் எலியினுடையது. சாதாரண எலியில் 15 கிரே கொடுத்த சில மணி நேரத்திலேயே குழாயின் உட்சுவர்ச் செல்கள் மடிந்தன. நொதி இல்லாத எலியில் அவை தப்பின, கட்டியும் கதிருக்கு அசையவில்லை. தினம் 2 கிரே கொடுத்தால் இந்த வழி திறப்பதில்லை, 8-10 கிரேக்கு மேல்தான் திறக்கிறது.

கதிரியல் பாலா:
தம்பி, அந்த ஆய்வு அழகானதுதான். ஆனால் மருத்துவ இயற்பியல் பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கு, 3 சிட்டிங் பலிப்பதை விளக்க அது தேவைப்படவே இல்லை.

மகிழினி, கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிட்டிங் அளவு மாறும்போது விளைவை ஒப்பிட நாங்கள் பயன்படுத்துவது உயிரியல் சமான டோஸ். மொத்த டோஸை (1 + ஒரு சிட்டிங்கின் டோஸ் ÷ 10) என்பதால் பெருக்க வேண்டும். அந்த 10 பெரும்பாலான கட்டிகளுக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு. 30 நாள் 2 கிரே என்றால் 60 × 1.2 = 72. 3 முறை 18 கிரே என்றால் 54 × 2.8 = சுமார் 151. மொத்த கிரே குறைவு, ஆனால் கட்டியின் மேல் விழும் அடி இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு ஏன் வேறொரு கொலைகாரனைத் தேட வேண்டும்?

செல் சாகும் விதமும் பழைய விதம்தான். கதிர் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் முறிக்கிறது. சரியாக ஒட்டப்படாத முறிவோடு செல் பிரிய முயலும்போது, இரண்டு சேய்ச் செல்களுக்கும் நடுவே குரோமோசோம் பாலம்போல் மாட்டிக்கொள்கிறது. துண்டுகள் தனியே சிதறிக் குட்டி உட்கருக்களாக நிற்கின்றன. சில செல்கள் ஒன்றிரண்டு முறை பிரிந்துவிட்டுத்தான் சாகும். கட்டி உடனே சுருங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இளந்திரையன்:
பாலா சார், நீங்கள் போட்ட சூத்திரம் சிறிய டோஸுக்கு நன்றாகப் பொருந்தும். 18 கிரேயில் அது செல் சாவைக் கூட்டிக் காட்டுகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். டோஸ் ஏற ஏற, எத்தனை செல் பிழைக்கிறது என்று காட்டும் வரைகோடு வளைந்துகொண்டே போகாமல் நேர்கோடாகிறது. அப்படியானால் உங்கள் 151 பெரிய எண்.

அப்புறம் ஆக்சிஜன். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு டோஸ் வேண்டும். 30 நாள் சிகிச்சையில் வெளிப்புறச் செல்கள் சாகச் சாக, உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் மெல்லப் போய்ச் சேரும். 3 சிட்டிங்கில் அதற்கு அவகாசம் குறைவு. உங்கள் கணக்குப்படி இது சறுக்க வேண்டிய சிகிச்சை. ஆனால் ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆர்.டி.ஓ.ஜி. 0236 ஆய்வில், இதே அளவு டோஸில், 3 ஆண்டு முடிவில் மூலக் கட்டி அடங்கியிருந்தது 97.6 சதவீதம். இந்த வெற்றி எங்கிருந்து வந்தது?

கதிரியல் பாலா:
டோஸிலிருந்து. 151-ல் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் 72-ஐ விட மிக அதிகம். அந்த ஆய்வில் இருந்தவை சிறிய கட்டிகள், ஆக்சிஜன் பஞ்சமும் குறைவாகவே இருக்கும். 2014-ல் பிரவுன், கார்ல்சன், பிரென்னர் மூவரும் இதைத்தான் எழுதினார்கள்: பழைய கதிர் உயிரியலே இந்த முடிவுகளை விளக்கப் போதும்.

எலியில் நேரடியாகவும் சோதித்தாயிற்று. டியூக் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ் குழு (2015) டி.என்.ஏ. சேதத்தை உணரும் ஏ.டி.எம். மரபணுவை ஒரு பிரிவு எலிகளில் ரத்தக்குழாய்ச் செல்லிலிருந்து மட்டும் நீக்கியது, இன்னொரு பிரிவில் கட்டிச் செல்லிலிருந்து மட்டும். அந்த மரபணு இல்லாத செல் கதிரில் எளிதில் சாகும். முதல் பிரிவில் குழாய்ச் செல்கள் அதிகம் மடிந்தன, ஆனால் சார்கோமா (தசை, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்றுக்கட்டி) முற்றிலும் ஒழிவது அதிகரிக்கவில்லை. இரண்டாவதில் அதிகரித்தது. குழாய் சாவது உண்மை. அதனால்தான் கட்டி குணமாகிறது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

இளந்திரையன்:
அது சார்கோமா, அதிலும் ஒரே எலி மாதிரி. எல்லாக் கட்டிக்கும் அதை விரித்துவிட முடியாது. மூளையில் தாறுமாறாகப் பின்னிய ரத்தக்குழாய்களை காமா நைஃப் என்ற கதிர்க் கருவி ஒரே அமர்வில் அடைக்கிறதே, அங்கே புற்றுச் செல்லே கிடையாது.

கதிரியல் பாலா:
அடைகிறது, 2-3 ஆண்டு எடுத்துக்கொண்டு! குழாயின் உட்சுவர் மெல்லத் தடித்து மூடுகிறது. நீங்கள் சொன்ன சில மணி நேரச் சாவு வேறு.

நிறைமதி:
இருவரும் நோய் எதிர்ப்பாற்றலை விட்டுவிட்டீர்கள். பாலா சார் சொன்ன அந்தக் குட்டி உட்கருக்களிலிருந்து டி.என்.ஏ. செல்லின் உள்நீர்மத்தில் கசிந்தால், வைரஸ் புகுந்ததுபோல் செல் எச்சரிக்கை எழுப்பும், எதிர்ப்பாற்றல் செல்கள் கட்டியைத் தாக்க வரும். ஆனால் எலிக் கட்டிகளில் 12-18 கிரேக்கு மேல் ஒரே அடியாகக் கொடுத்தால் ட்ரெக்ஸ்1 என்ற நொதி பெருகி, கசிந்த டி.என்.ஏ.வைத் துடைத்துவிடுகிறது. அங்கே எதிர்ப்பாற்றல் மருந்துடன் 3 முறை 8 கிரே கொடுத்தது, ஒரே முறை 20 கிரேயைவிட நன்றாக வேலை செய்தது. டோஸ் ஏறினால் எல்லாமே ஏறும் என்று நினைக்க வேண்டாம்.

கதிரியல் பாலா:
கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் மனிதர்களில் இன்னும் கைகூடவில்லை. பரவிய தலை-கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தோடு 9 கிரே 3 முறை சேர்த்த ஆய்வு 2021-ல் வெளியானது, கூடுதல் பலன் தெரியவில்லை.

மகிழினி:
சரி, எனக்கு முக்கியமானது ஒன்று. 3 மாதத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கட்டி காணாமல் போயிருக்குமா?

கதிரியல் பாலா:
பெரும்பாலும் போயிருக்காதும்மா. கட்டியைச் சுற்றி அதிக டோஸ் வாங்கிய நுரையீரல் பகுதி வீங்கி, பிறகு தழும்பாகும். அதனால் சி.டி.யில் நிழல் முன்பைவிடப் பெரிதாகக்கூடத் தெரியலாம். செல்களின் சுறுசுறுப்பை ஒளியாகக் காட்டும் பெட் ஸ்கேனிலும் சில மாதங்களுக்கு ஒளி மிச்சமிருக்கும். ஒரே ஸ்கேனை வைத்துப் பயந்துவிட வேண்டாம், அடுத்தடுத்த ஸ்கேன்களில் அது வளர்ந்துகொண்டே போகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். தொடங்குவதற்கு முன் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டி பெரிய மூச்சுக்குழாய்க்கு 2 செ.மீ.க்குள் இருக்கிறதா? நடுப்பகுதிக் கட்டிகளுக்கு இந்த 3 சிட்டிங் டோஸ் கடுமையான பக்கவிளைவு தந்தது 2006-லேயே தெரியவந்தது. அங்கே டோஸைக் குறைத்து, சிட்டிங்கைக் கூட்டுவார்கள்.

இளந்திரையன்:
இதில் பாலா சார் சொல்வதே என் பதிலும். ரத்தக்குழாய் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. ஒரே அமர்வில் 20 கிரேக்கு மேல் வாங்கிய மனிதக் கட்டியில், முதல் நாளிலேயே ரத்த ஓட்டம் எவ்வளவு குறைகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் அளந்து, அந்தக் குறைவு கட்டி அடங்குவதோடு சேர்ந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்து போகவில்லை என்றால் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன் சார்.