புதுப்பிப்பு: வத்திக்கான் அருங்காட்சியகம், தனி வழிகாட்டியோடு

வத்திக்கான் அருங்காட்சியகம் பற்றிய என் முந்தைய இழையைப் படித்துவிட்டு, அங்குள்ள சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் வழிகாட்டி என்ன விளக்குவார் என்று கேட்டிருந்தீர்கள். உள்ளே விளக்கவே முடியாது. பேச்சுக்கும் படமெடுக்கவும் தடை. அதனால் நல்ல வழிகாட்டி வெளியே, அருங்காட்சியகத்தின் பைன்கூம்பு முற்றத்துப் படப்பலகைகள் முன்பே நிறுத்தி, மைக்கேலாஞ்சலோவின் விதான ஓவியங்களையும் (1508–1512) பீடத்துக்குப் பின்சுவரில் உள்ள 'இறுதித் தீர்ப்பை'யும் (1536–1541) விளக்கிவிடுவார். இதற்கு அரைமணி நேரமாவது கொடுங்கள். அவசரப்படுத்தினால் உள்ளே எந்த உருவம் யார் என்றே பிடிபடாது.

பினாகொத்தேகா ஓவியக்கூடத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், பெரிய இழப்பு. அது நுழைவாயில் பக்கம், சிஸ்டைனுக்குப் போகும் பாதையிலிருந்து விலகி இருக்கிறது. ரஃபேலின் கடைசி ஓவியமான 'தோற்றமாற்றம்' அங்கேதான். முதலில் அங்கே போகவேண்டும் என்று முன்பதிவின்போதே பேசிக்கொள்ளுங்கள்.

தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். மாதக் கடைசி ஞாயிறு இலவசம்தான். நெரிசலில் நின்று பார்க்க முடியாது.