41 டொமைன் பெயர்கள், அடுத்த மாதம் புதுப்பித்தல்: எவற்றைக் கைவிடலாம்?

கொருக்குப்பேட்டை அச்சகம்:

அனைவருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ் இவைதான் தொழில். போன ஆடி மாதம் கடையில் வேலை குறைந்திருந்தபோது, 2019-இல் வாய்ஸ் டாட் காம் என்ற ஒற்றை டொமைன் பெயர், அதாவது ஒரே ஓர் இணையதள முகவரி, 3 கோடி டாலருக்குக் கைமாறிய செய்தியைப் படித்துவிட்டு, நானும் வாங்கி விற்கலாம் என்று முதல் ஆண்டுச் சலுகை விலையில் ஒவ்வொன்றாக 41 பெயர்களைப் பதிவு செய்துவிட்டேன். 26 டாட் காம், 11 டாட் இன், மீதி 4 தமிழ் எழுத்திலேயே அமைந்த டாட் இந்தியா.

சலுகை முடிந்துவிட்டது. இப்போது புதுப்பிக்கச் சொல்லி வந்திருக்கும் பட்டியலில் டாட் காம் ஒன்றுக்கு வரியோடு 1,350 ரூபாயும் மற்றவற்றுக்குத் தலா 850 ரூபாயும் போட்டிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் 47,850 ரூபாய். என் கடையின் இரண்டு மாத வாடகை இவ்வளவு வராது.

ஓராண்டில் ஒன்றுகூட விற்கவில்லை. விசாரித்து வந்த ஒரே மின்னஞ்சலில், வெளிநாட்டிலிருந்து எழுதுவதாகச் சொன்ன ஒருவர் 8,000 டாலர் தருவதாகவும், அதற்குமுன் தாம் நம்பும் ஒரு தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டார். 95 டாலர் கட்டினேன். சான்றிதழ் வந்தது, அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. நான் ஏமாந்தேன் என்பது தெரிகிறது, அதைப்பற்றிக் கேட்கவில்லை.

என் கேள்வி இதுதான். 41-இல் 7 பெயர்கள், ஒரு பெரிய இருசக்கர வாகன நிறுவனத்தின் பெயரோடு சென்னை, சர்வீஸ், ஷோரூம் போன்ற சொற்களைச் சேர்த்தவை. அந்த நிறுவனத்துக்கே கடிதம் எழுதி, ஒன்று 50,000 ரூபாய் என்று கேட்கலாம் என வரைவு எழுதி வைத்திருக்கிறேன். மற்றவை பெரும்பாலும் நம் பகுதி ஊர்ப்பெயரும் தொழிலும் சேர்ந்தவை. வெறும் பெயராக விற்பதைவிட அதில் ஒரு தளம் கட்டி விற்றால் நல்ல விலை போகும் என்கிறார்களே, அது உண்மைதானா?

திருவொற்றியூர் தேரடி:

தம்பி, அந்தக் கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள். வரைவை அழித்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

அடுத்தவருடைய வணிகப் பெயரைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பதிவுச் செலவைவிடக் கூடுதல் தொகைக்கு அவரிடமே விற்க முயல்வதை, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த தகராறுத் தீர்வு விதிகள் தீய நோக்கத்துக்கான சான்றாகவே கொள்கின்றன. அதாவது, நீங்கள் எழுதும் கடிதமே உங்களுக்கு எதிரான முதல் ஆவணம். டாட் காம் பெயரானால் புகார் கொடுப்பவர் மூன்றை நிறுவ வேண்டும்: பெயர் தம் வணிகக்குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்தவும் செய்தீர்கள். டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பு நடத்தும் தனி விதிமுறை உண்டு. அங்கே பதிவு அல்லது பயன்பாடு இரண்டில் ஒன்று தீய நோக்கமாக இருந்தாலே போதும். இங்கே நீதிமன்றங்களும் நெடுநாளாக இதே பக்கம்தான் நிற்கின்றன. 1999-இல் யாஹூ பெயரோடு இந்தியாவைச் சேர்த்துத் தளம் நடத்தியவரைத் தில்லி உயர்நீதிமன்றம் தடுத்தது. 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டென்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த 7 பெயர்களையும் புதுப்பிக்காமல் விடுங்கள். தானியங்கிப் புதுப்பித்தல் போடப்பட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கார்டிலிருந்து பணம் தானாகப் போய்விடும். மற்றவற்றில் முடிவெடுக்க உங்களுக்குச் சற்று அவகாசம் இருக்கிறது. டாட் காம் பெயர் காலாவதியான அன்றே கைவிட்டுப் போவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான புதுப்பித்தல் விலையிலேயே புதுப்பிக்கலாம், அதற்குப்பின் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம், கடைசி 5 நாள் யாரும் தொட முடியாது, பிறகுதான் சந்தைக்கு வரும். ஆனால் சில நிறுவனங்கள் அந்த 45 நாளுக்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. ஆகவே உங்கள் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு இந்த அவகாசத்தை நம்புங்கள்.

வாய்ஸ் டாட் காம் கதையை மறந்துவிடலாம். அதை விற்ற மைக்ரோஸ்ட்ரேட்டஜி பெரிய மென்பொருள் நிறுவனம். எல்லா மொழிக்காரருக்கும் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லைப் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தது. அதற்கும் நம் ராயபுரம் தையற்கடைப் பெயருக்கும் ஒரே சந்தை என்று நினைக்கக் கூடாது.

பெரம்பூர் லோகோ:

ஊர்ப்பெயர் சேர்ந்த பெயர்களை நானும் வாங்கிச் சூடுபட்டவன் என்பதால், அதைப்பற்றி மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ப்பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. ரயில் நிலையத்தில் டோண்டியார்பேட் என்று எழுதியிருக்கும். நம்மவர் போனில் அடிக்கும்போது தண்டையார்பேட்டை என்று சொல்லியபடியே டி, எச், ஏ என்று தொடங்குவார். வண்ணாரப்பேட்டைக்கு வாஷர்மென், வாஷர்மேன், அப்புறம் தமிழ் ஒலிப்பிலேயே ஒன்று. திருவொற்றியூருக்கு எத்தனை வகை என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும். ழகரம் வந்துவிட்டால் இசட் எச் போடுபவர் பாதி, எல் போடுபவர் பாதி. பழம் என்ற சொல் வரும் பெயர் ஒன்றை 2,000 ரூபாய்க்கு ஒரு மொத்த வியாபாரியிடம் விற்றேன். அவர் லோடு வண்டி ஓட்டுநரிடம் போனில் மின்னஞ்சல் முகவரியைச் சொல்ல, ஓட்டுநர் எல் போட்டு அடித்து, பில் வேறு எங்கோ போய்ச் சேர்ந்தது. வியாபாரி என்னைக் கூப்பிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆகவே ஒவ்வொரு பெயரையும் கடைக்கு வருபவரிடம் வாயால் ஒரே ஒருமுறை சொல்லி, அவருடைய போனிலேயே அடிக்கச் சொல்லிப் பாருங்கள். ஐந்து பேரில் நான்கு பேராவது சரியாக அடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். டாட் இந்தியா பெயர்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில செயலிகளில் ஒட்டினால் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாக மாறிவிடும். மொழிப்பற்றுக்காக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

விலை தெரிய வேண்டுமென்றால் சான்றிதழ் தேவையே இல்லை. நேம்பயோ தளத்தில் உண்மையில் நடந்த விற்பனைகள் பதிவாகியிருக்கின்றன, அதில் ஒத்த பெயர்களைத் தேடுங்கள்.

கொருக்குப்பேட்டை அச்சகம்:

அண்ணன் இருவருக்கும் நன்றி. வரைவை அழித்துவிட்டேன். இன்று கடைக்கு வந்தவர்களிடம் அடிக்கச் சொல்லிப் பார்த்ததில் 19 பெயர்கள் தேறவில்லை. தளம் கட்டி விற்பதைப்பற்றி யாராவது சொல்ல முடியுமா? பழைய, காலாவதியான பெயரை வாங்கி, ஏஐ கொண்டு நூறு கட்டுரை போட்டால் கூகுளிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

எம்.சி. ரோடு மண்டபக்காரி:

அந்த வீடியோ பழையதாக இருக்கும், அல்லது அதை எடுத்தவர் வகுப்பு விற்பவராக இருப்பார். காலாவதியான பெயரின் பழைய மதிப்பைப் பயன்படுத்திச் சரக்கில்லாத பக்கங்களை முன்னுக்குக் கொண்டுவருவதை 2024 மார்ச்சில் கூகுள், கூடாத தந்திரங்களைப் பட்டியலிடும் தன் ஸ்பேம் கொள்கையில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது.

நான் செய்ததைச் சொல்கிறேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை உள்ள கல்யாண மண்டபங்களுக்கென்று ஒரு பெயரை 1,100 ரூபாய்க்குப் பதிவு செய்தேன். எம்.சி. ரோட்டுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருபவர்கள் கையில் தேதியோடும் தலையில் மண்டபக் கவலையோடும் வருகிறார்கள் என்பதை எங்கள் கடையில் தினமும் பார்த்ததால் வந்த யோசனை அது. நோட்டுப் புத்தகத்தோடு 43 மண்டபங்களுக்கு நேரில் போனேன். பந்தியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம், ஏசி உண்டா, ஜெனரேட்டருக்குத் தனிக் காசா, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா, வெளிச் சமையல்காரரை விடுவார்களா என்று எல்லாவற்றையும் எழுதி வந்தேன். வாடகையைச் சொல்ல மறுத்தவர்கள் பலர். அக்கா, தங்கச்சிக்குக் கல்யாணம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தது. தை, வைகாசி, ஆவணியில் ஒரு நாளைக்கு 20 போன் வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

இரண்டரை ஆண்டுக்குப் பிறகு ஒரு கேட்டரிங் ஒப்பந்தக்காரர் 1,60,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். அவர் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த மாதத்தில் எத்தனை போன் வந்தது என்ற கணக்கைத்தான் இரண்டு மணி நேரம் புரட்டினார். என் உழைப்புக்குக் கூலி போட்டால் அந்தத் தொகை பெரிதுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: பணம் வங்கியில் விழும் முன், பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற உதவும் ரகசியக் குறியீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். தெரியாத ஆளென்றால், பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகவே செய்யுங்கள். பதிவு செய்து 60 நாள் ஆகாத பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, அதையும் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் விசிட்டிங் கார்டு அடிப்பவர். உங்கள் கவுண்டருக்கு வரும் வியாபாரிகளில் எத்தனை பேர் கார்டில் ஜிமெயில் முகவரி போடச் சொல்கிறார்கள்? அவர்களைத் தேடி நாங்கள் தெருத்தெருவாக அலைந்தோம், உங்களிடம் அவர்களே வந்து நிற்கிறார்கள். பெயர், ஒரு பக்கத் தளம், அதே பெயரில் மின்னஞ்சல், 500 கார்டு எல்லாம் சேர்த்து ஒரே விலை சொல்லிப் பாருங்கள். அப்படி யாரிடம் சொல்லலாம் என்று எந்தப் பெயருக்கு ஆள் முகம் நினைவுக்கு வருகிறதோ, அதை மட்டும் புதுப்பியுங்கள்.

கொருக்குப்பேட்டை அச்சகம்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பட்டியலோடு மறுபடி உட்கார்ந்தேன். ஆள் முகம் நினைவுக்கு வந்தவை 5. நான்கு டாட் காம், ஒரு டாட் இன், மொத்தம் 6,250 ரூபாய். அவற்றை மட்டும் கட்டிவிட்டேன். அவற்றில் ஒன்று காசிமேடும் ஐஸும் சேர்ந்த பெயர். துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி அனுப்பும் ஒருவர் போன வாரம்தான் கார்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். நாளை காலை மீன் ஏலம் முடிந்ததும் ப்ரூஃப் பார்க்க வருகிறார். மின்னஞ்சல் வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.