மறு: மார்க்கிராஃப் – ‘எல்லைக்காவலர்’ சரிவருமா?

ஐயா, வணக்கம். மார்க்கிராஃப் என்ற ஜெர்மானியப் பட்டத்தைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இழையில் நீங்கள் எழுதியது:

> மார்க் என்றால் எல்லை நிலம். அதைக் காப்பவர் மார்க்கிராஃப். ‘எல்லைக்காவலர்’ போதுமே?

எளிய சொல்தான். ஆனால் கேட்டவுடன் சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் ஆள்தான் நினைவுக்கு வருகிறார். நம் கட்டுரைக்குரிய ஆல்பிரெக்ட்டை (12ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பிரபு; ‘கரடி’ என்பது அவர் பட்டப்பெயர்) அந்தச் சொல்லில் அடைத்துப் பாருங்கள், இடிக்கும்.

1134இல் பேரரசர் மூன்றாம் லோத்தர் அவருக்கு நோர்ட்மார்க் என்ற வடக்கு எல்லை நிலத்தைக் கொடுக்கிறார். அந்தக் கட்டத்தில் காவலர் என்றே வைத்துக்கொள்வோம். மேலிருந்து வந்த பதவி. வேடிக்கை என்னவென்றால், 983இல் ஸ்லாவியர் கிளர்ந்தெழுந்ததிலிருந்து எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. பட்டம் இக்கரையில், நிலம் அக்கரையில்!

அப்புறம்தான் கதை மாறுகிறது. பிராண்டன்பர்க்கை ஆண்ட ஸ்லாவிய மன்னர் பிரிபிஸ்லாவுக்குப் பிள்ளை இல்லை. தமக்குப் பின் நாடு ஆல்பிரெக்ட்டுக்கு என்று முடிவுசெய்திருந்தார். 1150இல் அவர் இறந்ததும் மனைவி பெட்ரிசா சாவை வெளியே விடாமல், மூன்று நாள் உடலை அடக்கம் செய்யாமல் வைத்திருந்து ஆல்பிரெக்ட்டுக்கு ஆளனுப்பினார் என்கிறது பழைய குறிப்பு ஒன்று. பின்னர் யாக்சா என்ற ஸ்லாவியத் தலைவர் பிராண்டன்பர்க் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். 1157 ஜூன் 11இல் ஆல்பிரெக்ட் அதை மீட்டார். அவ்வாண்டே பிராண்டன்பர்க்கின் மார்க்கிராஃப் என்று தம்மைக் குறித்துக்கொண்டார். 1170இல் அவர் மறைந்ததும் மகன் ஓட்டோ பட்டத்துக்கு வந்தார். தலைமுறையாக ஆள்பவர்களை எப்படிக் காவலர் என்பது?

‘பாளையக்காரர்’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைத் தொட்டால் நாயக்கர் காலமும் கூடவே வந்துவிடும். ‘எல்லைக் கோமகன்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் டியூக்கைக் கோமகன் என்று எழுதுவது ஏற்கெனவே வழக்கில் உண்டு. இவரே 1138 முதல் 1142 வரை சாக்சனியின் டியூக்காகவும் இருந்தவர். ஒரே பத்தியில் இரண்டு கோமகன் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்.

என் பரிந்துரை ‘எல்லைக்கோமான்’. பதவி, ஆட்சி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நிலத்துக்கு ‘எல்லைப்புலம்’, நோர்ட்மார்க் ‘வட எல்லைப்புலம்’. கிராஃபுக்கு (ஆங்கிலத்தில் கவுண்ட் என்னும் பட்டம்) கோமான் என்று நிலைநிறுத்திவிட்டால், பால்ஸ்கிராஃப் ‘அரண்மனைக் கோமான்’ ஆகிவிடுவார்.

பெண்பாலுக்குத்தான் வழி தெரியவில்லை. ‘எல்லைக்கோமாட்டி’ எனக்கு ஒட்டவில்லை. வேறு ஏதாவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.