ஜெர்மனி கார்டை வைத்து நெதர்லாந்தில் வேலையில் சேரலாமா? அவசரம்!

ஸ்டுட்கார்ட் புதியவன்: வணக்கம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் ஒன்றாம் தேதியே சேரச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் தங்கி வேலை செய்யக் கொடுத்த அனுமதி கார்டு இன்னும் இரண்டு வருடம் செல்லும். அது போதுமா, புது விசா வேண்டுமா? இங்கே வீட்டுக்கு நோட்டீஸ் வேறு கொடுத்துவிட்டேன். மனைவி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

மியூனிக் மாடிவீடு: வீட்டு நோட்டீஸை வாபஸ் வாங்க முடியுமா, முதலில் அதைப் பாருங்கள். நான் வந்த புதிதில் மூன்று மாதம் நண்பன் வீட்டுச் சமையலறையில் படுத்தேன். முகவரி இல்லாவிட்டால் பதிவு கிடையாது, பதிவு இல்லாவிட்டால் எதுவும் கிடையாது. அதுவும் நவம்பர் குளிர்.

வார்சா மணி: இரண்டுமே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள்தானே, எல்லையில் யார் கேட்கப்போகிறார்கள்? ரயில் ஏறுங்கள் சார்.

லா சப்பல் அக்கா: தம்பி, பயப்படாதையுங்கோ. நான் பாரிஸிலிருந்து பெல்ஜியம் போனபோது விசா என்ற பேச்சே இல்லை. கொம்யூனில், அதுதான் ஊராட்சி அலுவலகத்தில், போய்ப் பதிந்தேன், அவ்வளவுதான்.

ரோட்டர்டாம் ரசம்: அக்கா, உங்களிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட். அது வேறு கணக்கு. மணி சொல்வதை நம்பாதீர்கள். அந்த ஜெர்மனி கார்டை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்யக் கூடாது.

வார்சா மணி: வருடக்கணக்கில் வரி கட்டுகிறோம், எல்லை தாண்டினால் மறுபடி அ, ஆ!

மியூனிக் மாடிவீடு: என் கார்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். ஆபீஸில் இன்றுவரை அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ரோட்டர்டாம் ரசம்: அப்பா கதை அப்புறம். புதியவரே, உங்களிடம் இந்திய பாஸ்போர்ட்தானே? கார்டில் ‘ப்ளூ கார்டு’ (உயர்திறன் வேலைக்காரர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) என்று இருக்கிறதா? அதில் ஜெர்மனியில் 12 மாதம் முடிந்திருந்தால், இங்கே வந்த ஒரு மாதத்துக்குள் நெதர்லாந்து ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் இங்குள்ள வரம்பைத் தொட வேண்டும். மனைவிக்குத் தனி விண்ணப்பம். சாதாரண வேலை அனுமதி என்றால் இந்த வழி கிடையாது.

ஸ்டுட்கார்ட் புதியவன்: இந்திய பாஸ்போர்ட்தான். ப்ளூ கார்டுதான். ஆனால் இந்த மாதத்தோடு 11 மாதம்தான் ஆகிறது.

ரோட்டர்டாம் ரசம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! நிறுவனம் ஐ.என்.டி.யின் (நெதர்லாந்து குடிவரவுத் துறை) அங்கீகாரம் பெற்றதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். பெற்றது என்றால் அவர்களே ‘கென்னிஸ்மிக்ரண்ட்’ என்ற திறன்மிகு பணியாளர் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு 12 மாதக் கணக்கு இல்லை. இல்லையென்றால் சேரும் தேதியைத் தள்ளச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை ஜெர்மனி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

மியூனிக் மாடிவீடு: வீட்டுக்காரரிடமும் இன்றே பேசுங்கள்.