புதுப்பிப்பு: சிங்கப்பூர் துவாஸ் கன்வேயர் கியர்பாக்ஸ், பேரிங் ஆயுள் கணக்கு

நடுத்தண்டின் உருளை பேரிங்குக்கு முன்பு போட்ட கணக்கு: சி (பேரிங்கின் இயக்கச் சுமைத் திறன்) 140 கிலோநியூட்டன், சுமை 20 கிலோநியூட்டன், நிமிடத்துக்கு 300 சுற்று. 140-ஐ 20-ஆல் வகுத்தால் 7; உருளை பேரிங்குக்கு 7-இன் 10/3 அடுக்குதான் ஆயுள், 656 மில்லியன் சுற்று. சுமார் 36,400 மணி நேரம். கணக்கு சரி, சுமைதான் தப்பு.

கன்வேயர் எப்போதும் ஒரே பாரத்தில் ஓடுவதில்லை. 70% நேரம் 20, மீதி 30% நேரம் 30 கிலோநியூட்டன் என்று எடுத்தால் சமான சுமை (அதே ஆயுளைத் தரும் ஒரே நிலையான சுமை) 24.1. ஆயுள் 19,600 மணிக்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட பாதி! நேராகச் சராசரி எடுத்து 23 என்று போடாதீர்கள். சுமையின் பாதிப்பு 10/3 அடுக்கில் ஏறுவதால், அந்தச் சராசரி 22,900 மணி என்று பொய் நம்பிக்கை தரும்.

அடுத்தது எண்ணெய். பேரிங்கின் சராசரி விட்டம் 110 மி.மீ. என்றால் இந்த வேகத்துக்குத் தேவையான பாகுத்தன்மை சுமார் 38 சென்டிஸ்டோக். விஜி 220 (விஜி என்பது பாகுத்தன்மைத் தரம்) கனிம எண்ணெய் 60 டிகிரியில் அதன் இரு மடங்கு தரும், 80-இல் 35தான். நம்ம ஊர் வெக்கையில், காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் 80 சாதாரணம். அங்கே விஜி 320 போட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். எண்ணெயில் தண்ணீரோ தூசியோ கலந்தால் பேரிங் ஆயுள் தரநிலையான ஐஎஸ்ஓ 281-இல் ஆயுளைப் பெருக்கும் திருத்தக் காரணி இன்னும் சரியும். கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாயின் வடிகட்டியை மறக்க வேண்டாம்.

இத்தனைக்கும் இது எல்10 ஆயுள்: பத்தில் ஒன்று அதற்கு முன்பே போய்விடலாம்.