மகன் ஆலயத்துக்கு வர மறுக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

கேள்வி: தென்பெண்ணைக் கரையாள்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம். கடலூரை அடுத்த நாணமேட்டுப் பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, இனி பயமில்லை என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்து எங்கள் தெருவுக்குள் புகுந்தது. வீட்டுக்காரரின் சிறிய மளிகைக் கடையில் அரிசி மூட்டைகள் ஊறி நாற்றமெடுத்தன. கடன் நோட்டு நனைந்து மை கரைந்துவிட்டதால், எங்களுக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கே கணக்கு இல்லாமல் போயிற்று.

அதிலிருந்து மீளுமுன் என் மாமியாருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள். போதகர் வீட்டுக்கே வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். ஆனாலும் சில மாதங்களில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கத்துக்குப் பிறகு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். "ஆயா பிழைத்துவிடுவார் என்று எல்லார் முன்பும் சாட்சி சொன்னீர்கள், இப்போது அதே வாயால் எல்லாம் நன்மைக்கே என்கிறீர்கள்" என்கிறான். இதற்கிடையில் வெளியூரிலிருந்து ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர், எங்கள் வீட்டில் மறைவான பாவம் ஏதோ இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது? முழங்காலிட்டால் எனக்கே வார்த்தை வருவதில்லை. இதுவும் அவிசுவாசம்தானா?

பதில்: முதுநகர் மூப்பர்

அம்மா, முதலில் அந்த ஊழியரின் பேச்சைத் தள்ளிவைப்போம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, இருவருமல்ல என்று இயேசு திட்டமாகச் சொன்னதை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாக எண்ணக்கூடாது என்றவரும் அவரே. எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய் திறவாமல் இருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. முடிவில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் அவர்கள்மேல்தான், புலம்பிய யோபின்மேல் அல்ல.

மகனைப் பொறுத்தவரை, நான் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரமே நினைவுக்கு வருகிறது. பவுல் கைதியாகச் சென்ற கப்பல் பெருங்காற்றில் சிக்குகிறது. பல நாட்கள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கை முழுவதும் அற்றுப்போயிற்று என்று எழுதுகிறவர், தம்மையும் சேர்த்தே அப்படி எழுதுகிறார். அந்நிலையில் பவுலுக்குக் கிடைத்த வாக்கு என்னவென்றால், உயிர்ச்சேதம் இராது, ஆனால் கப்பல் போய்விடும் என்பது. அப்படியே கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்ந்தார்கள். பதினான்காம் இரவு அவர்கள் செய்தது, கப்பலின் பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டுவிட்டு விடியலுக்காகக் காத்திருந்தது மட்டுமே. பவுலும் அப்போது நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. இருநூற்று எழுபத்தாறு பேருக்கு முன்பாக அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் செலுத்தி, பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொன்னார்.

உங்கள் மகன் கேட்பது நியாயம். கப்பல் தப்பிவிடும் என்று வாக்குக் கொடுத்தவர்கள் நாம்தான், தேவன் கொடுக்கவில்லை. இதை அவனிடம் ஒப்புக்கொள்வதால் உங்கள் விசுவாசம் குறைந்துவிடாது.

பதில்: முத்தியால்பேட்டை வாசகி

மூப்பர் ஐயா சொன்னது சரி. ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நாம் எடுக்கும், வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் எரேமியா 29:11 யாருக்காவது கட்டாயம் வரும். அந்த வருடமே வீடும் வேலையும் கிடைத்துவிடும் என்று நாமும் எண்ணிக்கொள்வோம். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதும், அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருடம் என்று தவணை சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் அட்டையில் இருப்பதில்லை. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு, ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தே குழி வெட்டியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெபத்தில் வார்த்தை வராததோடு தூக்கமும் பசியும் குறைந்து, அந்த நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை விசுவாசப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாமியாருக்கு மருத்துவம் பார்த்ததை அவிசுவாசம் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்களே.

பதில்: வில்லியனூர்க்காரன்

நான் கத்தோலிக்கன், சகோதரி என் பதிலையும் ஏற்றுக்கொள்வார் என்று எண்ணுகிறேன். எங்கள் ஊர் லூர்து மாதா கோவில் குளக்கரையில், நேர்ச்சை பலித்ததற்கு நன்றி சொல்ல வருகிறவர்களும், பலிக்காமலே ஆண்டுதோறும் வருகிறவர்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வகையினரை நான் அதிகம் மதிக்கிறேன். 1858இல் பிரான்சின் லூர்து நகரில் காட்சி கண்ட பெர்னதெத்திடம், இவ்வுலகில் உன்னை மகிழ்ச்சியாக வைப்பேன் என்று வாக்களிக்கவில்லை, மறுவுலகில்தான் என்று மாதா சொன்னதாக அவரே தெரிவித்தார். நோய் தீர வேண்டிப் பலர் தேடிப் போகும் லூர்து ஊற்றைத் தம் கையால் தோண்டியவர் ஆஸ்துமாவும் எலும்புருக்கியும் வாட்ட, 1879இல் தம் 35ஆம் வயதில் இறந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

வார்த்தை வரவில்லை என்றால் இரவல் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் குருக்களும் கன்னியரும் வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் 88ஆம் சங்கீதத்தைச் சொல்கிறார்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியாகத் திரும்பும். இதுவோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு செபத்தை வேதாகமத்திலிருந்து யாரும் நீக்கவில்லை என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவனே வாசித்துப் பார்க்கட்டும்.

தென்பெண்ணைக் கரையாள்

எல்லாருக்கும் நன்றி. 88ஆம் சங்கீதத்தை நேற்று இரவு வாசித்தேன். அதற்கு மேல் எதுவும் ஜெபிக்கவில்லை. மாமியாருக்கு நினைவு ஆராதனை வரப்போகிறது. மகனை வற்புறுத்தி அழைத்து வரலாமா என்பது மட்டும் புரியவில்லை. அந்த ஊழியரும் வருவார் என்கிறார்கள்.

பதில்: முதுநகர் மூப்பர்

வற்புறுத்த வேண்டாம், அம்மா. ஆயாவைப் பற்றி நான்கு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். அவன் வராவிட்டாலும் வேறு யாராவது வாசிக்கலாம். ஆயாவின்மேல் கோபமில்லாத பிள்ளை அதை மறுக்கமாட்டான் என்று நினைக்கிறேன். ஊழியரைப் பற்றி வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், அவர் என்ன சொன்னார், எந்தக் கூட்டத்தில் சொன்னார் என்று உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்தோடு போதகருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எழுத்தில் வந்துவிட்டால், அவரை மேடையேற்றுவதா வேண்டாமா என்பதைச் சபைக் கமிட்டி பேசியே ஆக வேண்டும்.