கார்கில் உளவுத்துறை ப்ராஜெக்ட், யாராச்சும் கை குடுங்க
மக்களே, டிஃபென்ஸ் ஸ்டடீஸ் எம்.ஏ. பண்றேன், 1999 கார்கில்ல உளவுத்துறை எங்க கோட்டை விட்டுச்சுங்கறதுதான் ப்ராஜெக்ட். மே மாசம் ஆடுமாடு மேய்க்கிறவங்க மலைல பாகிஸ்தான்லேர்ந்து ஊடுருவுன ஆளுங்களப் பாத்து சொன்னப்புறம்தான் விஷயம் வெளிய வந்துருக்கு, ஆனா உள்நாட்டு உளவுக்கு ஐபி இருக்கு, வெளிநாட்டு உளவுக்கு 1968லேர்ந்து ரா இருக்கு, ராணுவத்துக்கு தனி உளவுப்பிரிவு வேற, இத்தன பேர் கைல இருந்த துண்டு துண்டு தகவல ஒண்ணா வச்சுப் பாக்க ஆளே இல்லியா?

கார்கில் பத்தி விசாரிச்ச நம்ம திருச்சிக்காரர் கே. சுப்ரமணியம் கமிட்டி ரிப்போர்ட்ட ஸ்பைரல் போட்டு வச்சிருக்கேன், சரியா சுவாரசியமான எடமா பாத்து பாதுகாப்பு காரணம்னு வெட்டிருக்காங்க (கடுப்பாவுது). 2002ல டிஐஏ (முப்படைக்கும் பொதுவான உளவு அமைப்பு), 2004ல என்டிஆர்ஓ (தொழில்நுட்ப உளவு அமைப்பு) வந்தப்புறம் தகவல் பகிர்றது நெஜமாவே மாறுச்சான்னு புக், பேட்டி ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லது. கைடு கூகுள் பண்ணுங்கறார். வெள்ளிக்கெழம சினாப்சிஸ் குடுக்கணும்.